கம்பி ஒருவரிடம் இருக்கட்டும், மின்சாரமும் ஒருவரிடமேயா? தென்னாப்பிரிக்காவில் ஏகபோகத்தின் லாப நட்டக் கணக்கு

டர்பனில் சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ குடியிருப்பவருக்கு மின்சாரம் விற்பது ஒரே ஆள்தான்: எத்தேக்வினி மாநகராட்சி. மாநகராட்சி அதை மொத்த விலைக்கு அரசு மின் நிறுவனமான எஸ்கமிடம் வாங்குகிறது. ப்ரீபெய்ட் மீட்டரில் இருபது இலக்கத்தைத் தட்டும்போது, 'இந்த விலை கட்டுப்படியாகாது, அடுத்த கடையில் கேட்டுப் பார்க்கிறேன்' என்று எழுந்து போக வழியில்லை. ரொட்டி, கைபேசி டேட்டா, ஃபைபர் இணையம் ஆகியவற்றுக்குக் கடைகள் பல இருப்பதுபோலத் தெரியும். அங்கேயும் உண்மையில் எத்தனை கடை என்று உற்றுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இந்தக் கேள்விக்கு இப்போது அவசரம் கூடியிருக்கிறது. தேசிய மின்கடத்தல் நிறுவனம் 2024 ஜூலை 1-இல் தனியாக இயங்கத் தொடங்கியது. மின்சார ஒழுங்குமுறைத் திருத்தச் சட்டம் 2025 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்து, மின்சாரச் சந்தைக்குக் கதவு திறந்தது. 2025 ஆகஸ்டில் அரசின் ரயில், துறைமுக நிறுவனமான டிரான்ஸ்நெட்டின் தண்டவாளத்தில் ரயில் ஓட்ட 11 தனியார் நிறுவனங்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. பழைய பெரும் ஏகபோகங்களை என்ன செய்வது என்பதில் நம் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. உற்பத்தி முதல் மீட்டர் வரை எல்லாவற்றையும் ஒரே அரசு நிறுவனத்திடம் விட்டு வைப்பது முதல் வழி. எல்லாவற்றையும் துண்டாக்கிப் போட்டிக்கு விடுவது இரண்டாவது. கம்பி, தண்டவாளம், கப்பல் துறை போன்றவற்றை மட்டும் ஒருவரிடம் விட்டு, அவற்றின்மேல் ஓடும் வியாபாரத்தைப் பலருக்குத் திறப்பது மூன்றாவது. மூன்றாவதே சரி என்பது இந்தக் கட்டுரையின் நிலை. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு, அந்த நிபந்தனையில்தான் நாம் திரும்பத் திரும்பச் சறுக்குகிறோம்.

முதலில் ஏகபோகத்துக்கு நியாயமான பங்கைக் கொடுத்துவிடுவோம். ஒரு தெருவில் 100 வீடுகள். டிரான்ஸ்ஃபார்மர், கம்பம், கேபிள் எல்லாம் சேர்த்து 20 லட்சம் ராண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே நிறுவனம் போட்டால் வீட்டுக்கு 20,000 ராண்ட். போட்டி வேண்டும் என்று இரண்டாவது நிறுவனமும் அதே தெருவில் கம்பம் நட்டு, ஆளுக்கு 50 வீடு பிடித்தால் வீட்டுக்கு 40,000. இந்தக் கூடுதல் 20,000-ஐ ஈடுகட்டும் அளவுக்குப் போட்டி வேறு எங்கும் செலவைக் குறைத்துவிடாது. இதைத்தான் பொருளியலில் இயற்கை ஏகபோகம் என்கிறார்கள். இரண்டு முறை போடுவது வீண் என்ற இடத்தில் ஒருவர் போடுவதே மலிவு. குடிநீர்க் குழாய், சாக்கடை, ரயில்பாதை, உயர் அழுத்த மின்கோபுரங்கள் எல்லாம் இந்த வகை.

1923-இல் தொடங்கிய எஸ்கம் இந்தத் தர்க்கத்தின்மேல்தான் வளர்ந்தது. நிலக்கரிச் சுரங்கத்தின் வாசலிலேயே ராட்சத மின்நிலையங்களைக் கட்டி, நாடு முழுவதற்கும் ஒரே வலைப்பின்னலில் அனுப்பியதால் 1990-களில் உலகின் மிக மலிவான மின்சாரங்களில் ஒன்று இங்கே கிடைத்தது. இன்னொரு நன்மையும் உண்டு, அதைக் குறைத்துப் பேசக்கூடாது. 1994-இல் நாட்டின் வீடுகளில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல்தான் மின்சாரம் இருந்தது. இன்று பத்தில் ஒன்பதை நெருங்குகிறது. இனவெறி ஆட்சி இருட்டில் வைத்திருந்த ஊர்களுக்குக் கம்பி இழுத்ததில் லாபம் இல்லை. ஒருவரிடமே எல்லா வாடிக்கையாளரும் இருந்ததால், அரசு உதவியோடு ஓரிடத்து வருமானத்தை இன்னோரிடத்துக்குத் திருப்ப முடிந்தது. ஏழைக் குடும்பத்துக்கு மாதம் 50 யூனிட் இலவசம் என்பதும் இந்த வகைத் திருப்பல்தான். முழுப் போட்டியில் நுழையும் நிறுவனம் உம்லாங்காவின் அடுக்குமாடிகளைத்தான் முதலில் பிடிக்கும். இனாண்டாவின் மலைச்சரிவில் சிதறிக் கிடக்கும் வீடுகளைத் தேடிப் போகாது.

இனி மறுபக்கம். ஏகபோகக்காரர் எவ்வளவு விலை வைப்பார் என்பதை ரொட்டியில் பார்ப்போம், எண்கள் எடுத்துக்காட்டுக்கு மட்டும். ஒரு ரொட்டி செய்ய 12 ராண்ட் ஆகிறது. 12-க்கே விற்றால் ஊரில் 140 ரொட்டி போகும். விலை 1 ராண்ட் ஏறினால் 5 ரொட்டி குறையும். பல பேக்கரிகள் மோதிக்கொண்டால் விலை 12-ஐ ஒட்டியே நிற்கும், 140 ரொட்டியும் போகும். ஒரே பேக்கரி என்றால் அது இப்படிக் கணக்குப் போடும்: 20-க்கு விற்றால் 100 ரொட்டி, லாபம் 800. 24-க்கு 80 ரொட்டி, லாபம் 960. 26-க்கு 70 ரொட்டி, லாபம் 980. 28-க்குப் போனால் மறுபடி 960. ஆகவே விலை 26-இல் நிற்கும், பாதி ரொட்டிதான் சுடப்படும்.

அந்த 980 ராண்ட் வாங்குபவர் பையிலிருந்து விற்பவர் பைக்கு மாறுகிறது. அது அநியாயம், ஆனாலும் பணம் எங்கேயோ இருக்கிறது. சுடாமல் விட்ட 70 ரொட்டிகளின் கதை வேறு. அவற்றை 12-க்கு மேல் கொடுத்து வாங்க ஆள் இருந்தது, செய்ய மாவும் அடுப்பும் இருந்தன. அந்த 70-ஆல் வந்திருக்கக்கூடிய 490 ராண்ட் நன்மை யார் பைக்கும் போகவில்லை, அப்படியே அழிந்தது. ஏகபோகத்தின் பொருளாதாரக் குற்றச்சாட்டின் உயிர்நாடி இதுதான். விலையைப் பற்றியே பேசுபவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

விற்பவர் ஒருவராக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. 2006 டிசம்பரில் மேற்குக் கேப்பில் பெரிய பேக்கரிகள் ஒரே நேரத்தில் ரொட்டி விலையை ஏற்றி, சிறு விநியோகஸ்தர்களுக்கான தள்ளுபடியையும் ஒன்றுபோலக் கட்டுப்படுத்தின. அதிகாலையில் வேனில் ரொட்டி எடுத்துப் போய்ச் சிறு கடைகளுக்குப் போடும் அந்த விநியோகஸ்தர்கள்தான் புகார் கொடுத்தார்கள். அந்தப் பேக்கரிகளில் ஒன்றான பிரீமியர் ஒப்புக்கொண்டு விசாரணைக்கு உதவியது, விலக்குப் பெற்றது. டைகர் பிராண்ட்ஸ் 2007-இல் 98.8 மில்லியன் ராண்டும், பயனியர் ஃபுட்ஸ் 2010-இல் 195.7 மில்லியன் ராண்டும் அபராதம் கட்ட நேர்ந்தது. ரொட்டி சுடுவதில் இயற்கை ஏகபோகம் எதுவும் இல்லை. அங்கே கூட்டுச் சேர்ந்து விலை வைப்பது ஏழையின் வயிற்றில் அடிப்பது மட்டுமே, ஈடாக எந்த நன்மையும் இல்லை.

ஆனால் எஸ்கம் நம்மைக் காயப்படுத்தியது இந்தப் பாடப்புத்தக வழியில் அல்ல. நெடுங்காலம் அதன் விலை உயரவில்லை, செலவுக்கும் கீழே இருந்தது. சிக்கல் வேறு இடத்தில் முளைத்தது. எரிசக்திக் கொள்கை வெள்ளை அறிக்கை 1998-லேயே தெளிவாக எச்சரித்தது: உபரி உற்பத்தித் திறன் 2007 வாக்கில் தீர்ந்துவிடும், புதிய நிலையங்களைப் பற்றி 1999 முடிவதற்குள் தீர்மானிக்க வேண்டும். அரசு என்ன செய்தது? தனியார் வந்து கட்டட்டும் என்று எஸ்கமின் கையைக் கட்டியது. விலை செலவுக்குக் கீழே இருக்கும் சந்தைக்கு எந்தத் தனியார் வருவார்? ஒருவரும் வரவில்லை. ஆண்டுகள் வீணாகி, எஸ்கமே கட்டட்டும் என்று அனுமதித்து, மெடுபி நிலையத்தில் வேலை தொடங்கியபோது 2007 வந்துவிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் அதிபர் தாபோ உம்பெக்கி, எஸ்கம் சொன்னது சரி, அரசுதான் தவறியது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அடுத்த மாதம் தங்கச் சுரங்கங்களும் பிளாட்டினச் சுரங்கங்களும் மின்சாரம் இல்லாமல் வேலையை நிறுத்தின.

ஒரே இடத்தில் ஒரே முடிவு. அது தவறினால் நாடு முழுவதும் தவறியது. பத்து உற்பத்தியாளர்கள் இருந்திருந்தால் அவர்களில் மூன்று பேராவது அந்த எச்சரிக்கையை நம்பிப் பணம் போட்டிருப்பார்கள். ஏகபோகத்தின் மிகப் பெரிய ஆபத்து இது என்பது என் கணிப்பு. பேராசை அதற்குத் தேவையே இல்லை, ஒரு தவறான தீர்மானம் போதும்.

பின்னால் வந்ததை எல்லோரும் அனுபவித்தோம். தாமதத்தை ஈடுகட்டக் கட்டணம் 2009-இல் 31.3%, 2010-இல் 24.8%, 2011-இல் 25.8% என்று ஏறியது. மெடுபியும் இன்னொரு புதிய நிலையமான குசீலேயும் ஆண்டுக்கணக்கில் தாமதமாகி, செலவு பல மடங்கானது. மெடுபி முழுமையடைந்ததாக அறிவித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, 2021 ஆகஸ்ட் 8-இல் நான்காம் அலகின் ஜெனரேட்டர் வெடித்தது. ஹைட்ரஜனை வெளியேற்றும் முறையைச் சரியாகப் பின்பற்றாமல் காற்றை உள்ளே விட்டார்கள். 2023-இல் 330 நாளுக்கு மேல் லோட்ஷெடிங், அதாவது முறைவைத்து மின்வெட்டு. அந்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் எஸ்கமின் கடனில் 254 பில்லியன் ராண்டை அரசு தன் தலையில் ஏற்றிக்கொள்வதாக அறிவித்தது. அரசின் தலை என்றால் வரி கட்டுகிற நம் தலை.

ஏகபோகத்தின் உண்மையான விலையை மீட்டர் காட்டாது. சாட்ஸ்வொர்த்தில் ஒரு மூலைக்கடையை எண்ணிப் பாருங்கள். பால், உறைந்த கோழி, ஐஸ்கிரீம் வைத்த இரண்டு ஃப்ரீசர். ஆறாம் நிலை லோட்ஷெடிங்கில் நாளுக்கு ஆறு மணி நேரம் மின்சாரம் இல்லை. சிறு பெட்ரோல் ஜெனரேட்டர் மணிக்கு ஒன்றரை லிட்டர் குடித்து ஏறக்குறைய 3 யூனிட் தருகிறது. லிட்டர் 23 ராண்ட் என்றால் ஒரு யூனிட்டுக்கு 11.50 ராண்ட், மாநகராட்சி நம்மிடம் வாங்கும் விலையைப்போல் மூன்று நான்கு மடங்கு. மாதம் முழுதும் ஓடினால் பெட்ரோலுக்கு மட்டும் 6,210 ராண்ட். 'மின்சாரம் இங்கே மலிவு' என்று சொல்லும் கணக்கில் இந்தத் தொகை வராது.

அப்படியானால் எல்லாவற்றையும் உடைத்துவிடலாமா? போட்டி வந்த இடங்களின் பலனை முதலில் பார்ப்போம். 2011-இல் அரசு தனியாரிடம் ஏலமுறையில் காற்று, சூரிய மின்சாரம் வாங்கத் தொடங்கியது. முதல் சுற்றில் சூரிய மின்சாரம் யூனிட்டுக்கு 2 ராண்டுக்கு மேல், நான்காம் சுற்றில் 1 ராண்டுக்கும் கீழ். உலகெங்கும் சோலார் தகடு மலிவானதும் இதற்கு ஒரு காரணம். ஆனால் அந்த மலிவை வாங்குபவர் கைக்குக் கொண்டு வந்தது ஏலம்தான். ஒரே நிறுவனமே கட்டியிருந்தால் அந்தச் சரிவு பழைய ஒப்பந்தங்களுக்குள் புதைந்திருக்கும்.

ஆனால் அதே திட்டம் இரண்டாவது வழியின் ஓட்டையையும் காட்டியது. 2022-இன் ஆறாம் சுற்றில் ஒரு காற்றாலைத் திட்டம்கூடத் தேர்வாகவில்லை. காற்று நன்றாக வீசும் கேப் மாகாணங்களில் கம்பியில் இடம் இல்லை. உற்பத்தியாளர் நூறு பேர் வரட்டும், கம்பி ஒன்றே, அது நிரம்பிவிட்டால் போட்டி பேப்பரோடு நின்றுவிடும். அடுத்த பத்தாண்டில் 14,000 கிலோமீட்டருக்கு மேல் புதிய உயர் அழுத்தக் கம்பி தேவை என்பது மின்கடத்தல் நிறுவனத்தின் திட்டக் கணக்கு. அதைப் போட்டி தானாகப் போட்டுவிடாது. கலிஃபோர்னியா 1998-இல் சந்தையைத் திறந்தபின், 2000, 2001-இல் விற்பவர்கள் வேண்டுமென்றே நிலையங்களை நிறுத்திப் பற்றாக்குறை உண்டாக்கி விலையை ஏற்றினார்கள், வீடுகள் இருட்டில் கிடந்தன. மின்சாரத்தைக் கிட்டங்கியில் பெரிய அளவில் எளிதில் சேமித்து வைக்க முடியாது. உச்ச நேரத்தில் யாரிடம் கடைசி ஆயிரம் மெகாவாட் இருக்கிறதோ அவர் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஏகபோகக்காரர்.

தொலைபேசியில் இந்த மூன்று வழிகளையும் நாம் ஏற்கெனவே நடந்து பார்த்திருக்கிறோம். 1997-இல் டெல்காமுக்கு ஐந்தாண்டுத் தனியுரிமை கிடைத்தது, ஈடாகச் சுமார் 27 லட்சம் புதிய இணைப்புகள் போட வேண்டும் என்பது பேரம். இணைப்புகள் போடப்பட்டன. கூடவே மாத வாடகையும் உள்ளூர் அழைப்புக் கட்டணமும் ஏறின. கட்ட முடியாத வீடுகளில் பெரும்பகுதி இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. கம்பி போடு என்று மட்டும் சொல்லி, கட்டக்கூடிய விலையில் கொடு என்று சொல்லாததால் வந்த வினை இது. அதற்குள் தன் கம்பியை வாடகைக்கு எடுத்து இணையச் சேவை விற்ற போட்டியாளர்களை டெல்காம் நெரித்தது. அந்த வழக்கில் 2012-இல் 449 மில்லியன் ராண்ட் அபராதம். அடுத்த ஆண்டு இன்னொரு வழக்கைச் சமரசமாக முடித்தபோது, கம்பியை மொத்தமாக விற்கும் பிரிவையும் வீட்டுக்குச் சில்லறையாக விற்கும் பிரிவையும் தனித்தனியே நடத்த ஒப்புக்கொண்டது. கம்பியை மொத்தமாக விற்கும் பிரிவாக 2015-இல் ஓப்பன்சர்வ் வந்தது அப்படித்தான்.

இன்று உங்கள் தெருவில் ஃபைபருக்குக் குழி தோண்டியவர் ஒருவர். அதே கண்ணாடி இழையில் சேவை விற்க வரும் நிறுவனங்களோ பத்து, இருபது. ஒன்று பிடிக்கவில்லை என்றால் மாத அறிவிப்புக் கொடுத்து அடுத்ததுக்கு மாறலாம், சுவரை மறுபடி துளைக்க வேண்டாம். மூன்றாவது வழி என்று நான் சொல்வதன் நடைமுறை உருவம் இதுதான், நம் கண்ணெதிரிலேயே ஓடுகிறது.

கைபேசி டேட்டாவில் இப்படி நடக்கவில்லை. கோபுரமும் அலைவரிசையும் சில்லறை விற்பனையும் ஒரே கையில் இருந்ததால், வோடகாமும் எம்டிஎன்னும் மட்டும் சந்தையின் பெரும்பகுதியைப் பங்கிட்டுக்கொண்டன. போட்டி ஆணையம் 2019 டிசம்பரில் வெளியிட்ட விசாரணை அறிக்கையில் உறைத்த விஷயம், குறைந்த அளவு வாங்கும் ஏழை ஒவ்வொரு மெகாபைட்டுக்கும் அதிக விலை கொடுக்கிறார் என்பது. அதன் அழுத்தத்தில் 2020 ஏப்ரலில் 1 ஜிபி மாதப் பொதி 149 ராண்டிலிருந்து 99 ராண்டுக்கு இறங்கியது. ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கு குறைக்க முடிந்தது என்றால், அதற்கு முன்னால் வாங்கியது எவ்வளவு என்று ஒவ்வொருவரும் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

காப்புரிமை இதில் ஒரு தனிக் கிளை. புதிய மருந்து கண்டுபிடிக்கப் பெரும்பணம் போட்டவருக்குச் சில ஆண்டு ஏகபோகம் கொடுக்காவிட்டால் யாரும் போட மாட்டார்கள் என்ற வாதத்தை மறுக்க முடியாது. ஆனால் எய்ட்ஸ் மருந்து விலையால் இங்கே மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது, 2003-இல் போட்டி ஆணையம் இரண்டு மருந்து நிறுவனங்கள் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாகக் கண்டது. அவை சமரசத்துக்கு வந்து பிற உற்பத்தியாளர்களுக்கு உரிமம் கொடுத்தன. உயிர் போகும் இடத்தில் அந்தக் காலவரம்பை அரசு திறந்து பார்க்கத்தான் வேண்டும்.

இனி அந்த நிபந்தனை. மூன்றாவது வழி நடுவரை நம்பியே நிற்கிறது. கம்பிக்கு எவ்வளவு வாங்கலாம், யாரை எப்போது இணைக்க வேண்டும் என்பதைச் சொல்லும் எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான நெர்சா பலமாக இல்லாவிட்டால், கம்பிக்காரர் பழைய ஏகபோகத்தின் முழு லாபத்தையும் கம்பி வாடகையிலேயே பிழிந்துவிடுவார். 2025-இல் எஸ்கமுக்கு அனுமதித்த வருமானத்தைக் கணக்கிட்டதில் தன் பக்கம் பிழை நேர்ந்ததாக நெர்சா ஒப்புக்கொண்டது, 54 பில்லியன் ராண்ட் அளவுக்கு. இது சிறு கூட்டல் பிழை அல்ல. சொத்துகளின் மதிப்பும் தேய்மானமும் எப்படிக் கணக்கிடப்படுகின்றன என்பதில்தான் கட்டணத்தின் பெரும்பகுதி ஒளிந்திருக்கிறது, அதைச் சரிபார்க்கும் ஆட்களை நாம் போதுமான அளவு வைத்திருக்கவில்லை.

போட்டிச் சட்டமும் எல்லாவற்றையும் பிடித்துவிடாது. அந்தச் சட்டப்படி சந்தையில் 45 விழுக்காடும் அதற்கு மேலும் வைத்திருப்பவர் ஆதிக்க நிறுவனம். 35 முதல் 45 வரை என்றால் தன்னிடம் சந்தை பலம் இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். பெரியதாக இருப்பது குற்றமில்லை, பலத்தைத் தவறாகப் பயன்படுத்துவதே குற்றம். 'விலை அதிகம்' என்பதை நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு எஃகு நிறுவனமான மிட்டலின் விலை பற்றிய வழக்கு சாட்சி. 2007-இல் தீர்ப்பாயம் கண்டித்தது, 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. விலைக் கூட்டு பிடிபடுவது சுலபம், ஒருவர் ஒப்புக்கொண்டாலே மற்றவர்கள் சிக்குவார்கள். தனி ஏகபோகத்தின் விலை அப்படிச் சிக்காது.

வீட்டு மட்டத்தில் பலர் நான்காவது வழி ஒன்றைத் தேர்ந்திருக்கிறார்கள்: கூரையில் சோலார். அதன் கணக்கையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 1,000 வீடுகள், மாதம் ஆளுக்கு 400 யூனிட், கம்பிச் செலவு 3 லட்சம் ராண்ட் என்றால் யூனிட்டுக்கு 75 சென்ட் கம்பிக்குப் போகிறது. 250 வீடுகள் சோலார் போட்டு 100 யூனிட்டுக்கு இறங்கினால் மொத்தம் 3,25,000 யூனிட்தான். அதே செலவு இப்போது யூனிட்டுக்கு 92 சென்ட். கூடுதல் சுமை விழுவது தகடு வாங்கப் பணமில்லாதவர் மேல். இதைத் தடுக்க நிலைக் கட்டணம் வைக்கலாம், வீட்டுக்கு 300 ராண்ட். ஆனால் 100 யூனிட் மட்டும் எரிக்கும் தனிப் பாட்டிக்கு 75 ராண்டாக இருந்த சுமை 300 ஆகிறது. இணைப்பின் ஆம்பியர் அளவைப் பொறுத்து நிலைக் கட்டணத்தை ஏற்றி இறக்கினால் இரண்டு பக்கமும் ஓரளவு காயம் குறையும்.

சோலார் போடுபவர் NRS 097-2-1 தரத்துக்கு ஒத்த இன்வெர்ட்டர்தானா என்று பார்த்து வாங்க வேண்டும், மின்பணிச் சான்றிதழோடு மாநகராட்சியில் பதிய வேண்டும். தெருவில் மின்சாரம் நின்றதும் இன்வெர்ட்டர் தானாகக் கம்பியிலிருந்து விலகாவிட்டால், செத்த கம்பி என்று நம்பி ஏறும் லைன்மேன் உயிர் போகும்.

கூட்டு விலையால் பாதிக்கப்பட்ட கடைக்காரர் போட்டி ஆணையத்துக்கு CC1 படிவத்தில் புகார் தரலாம், கட்டணம் கிடையாது. எந்தத் தேதியில் யார் எந்த விலையை ஏற்றினார் என்பதற்கு விலைப்பட்டியல், ரசீது, வாட்ஸ்அப் அறிவிப்பு ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். அந்த நடைமுறை நின்று மூன்று ஆண்டு கடந்துவிட்டால் பொதுவாக வழக்கு எடுபடாது.

நெர்சா கட்டண விசாரணைக்குக் கருத்துக் கேட்கும்போது, 'விலையைக் குறை' என்று எழுதுவதைவிட இரண்டு கேள்வி கேட்பது பலன் தரும். கம்பிக்கான தொகையையும் மின்சாரத்துக்கான தொகையையும் பில்லில் தனித்தனியாகக் காட்டுவீர்களா? கம்பியில் இணையக் காத்திருப்போரின் வரிசையை, தேதியோடும் மெகாவாட்டோடும் ஒவ்வொரு மாதமும் வெளியிடுவீர்களா? மின்கடத்தல் நிறுவனம் தனியாக இயங்கத் தொடங்கியபோதும் அதன் உரிமையாளர் எஸ்கம்தான். மின்சாரம் விற்பவரே கம்பியையும் வைத்துக்கொண்டு, போட்டியாளர் எப்போது இணையலாம் என்று வரிசை போட்டால் என்ன ஆகும் என்பதை டெல்காம் காலத்தில் பார்த்தாயிற்று.